லாரிக்குக் கொடுப்போம், குழாய்க்குக் கொடுக்க மாட்டோம்

சென்னைக்காரங்க தண்ணிக்கு ஏகப்பட்ட காசு கொடுக்கறோம். ஆனா கொடுக்க வேண்டிய இடத்துல மட்டும் கொடுக்க மாட்டோம்ங்கறோம். ஆபீஸ் கேண்டீன்ல இதைச் சொன்னதுக்கு, "நீ என்ன மெட்ரோ வாட்டர்ல கமிஷன் வாங்கறியா?"ன்னு ஒரு அண்ணாத்த கேட்டாரு. அங்கயே பதில் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள மேனேஜர் வந்துட்டதால ஆணி புடுங்கப் போக வேண்டியதாப் போச்சு. உங்க தலையெழுத்து, இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு மக்கா, டீ காபி ஏதாவது பக்கத்துல வச்சுக்கங்க.

முதல்ல கணக்கு. பொட்டி தட்டறவன் எதுக்கெடுத்தாலும் எக்ஸெல் ஷீட்டைத் திறப்பான்னு உங்களுக்கே தெரியும்.

நான் குடியிருக்கறது ஓ.எம்.ஆர். பக்கம் 120 வீடு இருக்கற ஒரு அடுக்குமாடி. ஒரு வீட்டுக்கு நாளைக்கு 500 லிட்டர்னு வச்சுக்கங்க. குளியல், பாத்திரம், துணி, டாய்லெட் எல்லாம் சேர்த்துதான். மொத்தம் 60,000 லிட்டர். போர் தண்ணி எப்பவோ உப்பாகிப் போச்சு, அதனால வருஷம் பூரா லாரிதான். 12,000 லிட்டர் லாரி நாளைக்கு அஞ்சு. லாரி 1,500 ரூபாய்னா மாசம் 150 லாரிக்கு 2,25,000 ரூபாய். வீட்டுக்கு 1,875 ரூபாய். வருஷத்துக்கு 22,500. இது மெயின்டனன்ஸ் பில்லுக்குள்ள ஒளிஞ்சு வர்றதால யாருக்கும் உறைக்கறதில்லை. கோடையில லாரிக்காரர் விலையை ஏத்தினா மட்டும் வாட்ஸப் குரூப்ல ரெண்டு நாள் சண்டை நடக்கும், அப்புறம் எல்லாரும் கட்டிடுவோம்.

இப்ப ஆயிரம் லிட்டருக்கு என்ன விலைன்னு பாருங்க. லாரித் தண்ணி 125 ரூபாய். மீஞ்சூர் கடல்நீர் ஆலை 2010-ல ஆரம்பிச்சப்ப ஒப்பந்த விலை 49 ரூபாய்க்குப் பக்கம். அதாவது கடலைப் பிழிஞ்சு உப்பெடுத்துக் கொடுக்கற தண்ணியை விட ரெண்டரை மடங்கு அதிகமா கொடுத்து, பக்கத்து கிராமத்துக் கிணத்துத் தண்ணியை வாங்கறோம். சரி, மெட்ரோ வாட்டர் குழாய் இருக்கற வீட்டுக்காரர் எவ்வளவு கட்டறார்? மீட்டர் இல்லாத வீட்டுக்கு ரொம்ப காலம் மாசம் 50 ரூபாயா இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறி இப்போ நூறு ரூபாயைச் சுத்தி நிக்குது. அதே 15,000 லிட்டர் அவர் வீட்டுக்குப் போனா ஆயிரம் லிட்டருக்கு ஏழு ரூபாய் கூட வராது. இதுபோக சொத்து மதிப்பை வச்சு குடிநீர், கழிவுநீர் வரின்னு 7 சதவீதம் உண்டு. அதையும் சேர்த்தாலும் லாரிப் பக்கத்துல கூட வராது.

ஒரே ஊர். மயிலாப்பூர்ல ஏழு ரூபாய், சோழிங்கநல்லூர்ல 125 ரூபாய். இந்த ரெண்டு விலையுமே தப்புங்கறதுதான் இந்தப் பதிவோட மேட்டர்.

125 ரூபாய் தப்புன்னு சொன்னா எல்லாரும் கை தட்டுவீங்க. ஏழு ரூபாயும் தப்புன்னு சொன்னாத்தான் கல்லு பறக்கும். பரவாயில்லை, ஹெல்மெட் போட்டுக்கிட்டுத்தான் எழுதறேன் :-)

கொஞ்சம் வரலாறு. மெட்ராஸ்ல பாதாள சாக்கடையை ஒரு முழு அமைப்பா திட்டம் போட்டது 1910 வாக்குல. மேட்லிங்கற வெள்ளைக்கார இஞ்சினியர்தான் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கும் காரணம். அவர் சாக்கடைக்குப் போட்ட கணக்கு 1961-ல ஊர்ல 6.6 லட்சம் பேர் இருப்பாங்கங்கறது. அம்பது வருஷம் முன்னாடி யோசிச்ச மனுஷன், சும்மா சொல்லக்கூடாது. ஆனா 1961 சென்ஸஸ்ல மெட்ராஸ் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. ரெண்டரை மடங்குக்கு மேல! நம்ம ஆபீஸ்ல லோடு எஸ்டிமேஷன் தப்பாப் போனா ரெண்டு சர்வர் கூட வாங்கிப் போட்டுடலாம். மண்ணுக்கடியில இருக்கற குழாயை அப்படிப் பெருசாக்க முடியாது. அதுக்கப்புறம் ஒவ்வொரு தலைமுறையும் முந்தின தலைமுறையோட குழாயைத்தான் துரத்திக்கிட்டு ஓடுது.

மெட்ரோ வாட்டர் வாரியம் வந்தது 1978-ல. 2011-ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்லேருந்து 426 சதுர கிலோமீட்டரா ஒரே நாள்ல வளர்ந்தது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சின்னு 42 உள்ளாட்சிகள் சேர்ந்துச்சு. பெருங்குடி, சோழிங்கநல்லூர், துரைப்பாக்கம், காரப்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் அப்ப வந்ததுதான். பேப்பர்ல எல்லாரும் சென்னைக்காரங்க ஆயிட்டோம். ஆனா இந்தப் பக்கம் ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் 2000-ல டைடல் பார்க் வந்த கையோட கட்ட ஆரம்பிச்சது. கட்டடம் முதல்ல வந்தது, குடித்தனம் அடுத்து வந்தது, மாநகராட்சி அதுக்கப்புறம் வந்தது. தண்ணிக் குழாயும் சாக்கடையும் கடைசியா, இன்னும் தெருத்தெருவா வந்துக்கிட்டே இருக்கு. சில இடத்துல குழாய் போட்டாச்சு, தண்ணி வரலை. சில இடத்துல தோண்டின பள்ளம் மட்டும் இருக்கு.

இந்த வரிசை தலைகீழா இருக்கறதுதான் பிரச்சனை. பணம் இல்லாததால குழாய் இல்லைன்னு சொல்றாங்க. பணம் இருந்துச்சு. நான் போட்ட கணக்கைப் பாருங்க, எங்க ஒரு அடுக்குமாடி மட்டும் வருஷத்துக்கு 27 லட்சம் லாரிக்குக் கொடுக்குது. அந்தக் காசு ஒரு பைசா கூட நிலையான எதையும் கட்டலை. டீசலாப் போச்சு. அடுத்த வருஷம் மறுபடி 27 லட்சம்.

இதை வேற மாதிரி செஞ்சு காட்டின ஊர் எங்கயோ ஐரோப்பாவுல இல்லைங்க. ஆலந்தூர்! மெட்ரோ ரயில் ஏறி இறங்கறீங்களே, அதே ஆலந்தூர்.

தொண்ணூறுகள்ல ஆலந்தூர் தனி நகராட்சி. ஏர்போர்ட்டுக்குப் பக்கம், ஒரு லட்சத்துக்கு மேல ஜனம், பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினா லாரி, லாரி வரலைன்னா மழைநீர்க் கால்வாய். அப்போ நகராட்சித் தலைவரா இருந்தவர் ஆர்.எஸ்.பாரதி. பாதாள சாக்கடை போடணும்னு முடிவாச்சு. செலவு சுமார் 34 கோடி. சின்ன நகராட்சிக்கு அது யானை விலை. கடன் வாங்கலாம், கொஞ்சம் மானியம் வாங்கலாம், அப்பவும் துண்டு விழும். அதனால ஜனங்ககிட்டயே கேட்டாங்க. வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைகளுக்கு 10,000. குழாய் போடறதுக்கு முன்னாடியே! அதுபோக இணைப்பு வந்த பிறகு வீடுகளுக்கு மாசம் 150 ரூபாய் வரைக்கும் கட்டணம்.

நம்ம ஊர்ல, அரசாங்கம் இன்னும் தோண்டாத சாக்கடைக்கு, முன்பணமா 5,000 ரூபாய் யாராவது கொடுப்பாங்களா? கொடுத்தாங்க. கோடிக்கணக்குல சேர்ந்தது. சுமார் 8 கோடி, அதாவது மொத்தச் செலவுல கால்வாசிக்குக் கிட்ட. வார்டு வார்டா கூட்டம் போட்டு, குடியிருப்போர் சங்கங்களை உள்ள இழுத்து, எவ்வளவு, எதுக்கு, எப்போன்னு பேசியிருக்காங்க. ஆளுங்கட்சி எதிர்க்கட்சி பார்க்காம கவுன்சிலர்கள் வீடு வீடாப் போயிருக்காங்க. கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலையை பெருங்குடியில தனியார் கட்டி, நடத்தி, பிறகு ஒப்படைக்கற முறையில செஞ்சாங்க. நகராட்சி அளவுல இந்த முறை நம்ம நாட்டுக்கு அப்போ புதுசு. 2000-ல வேலை தொடங்கி, அடுத்த சில வருஷத்துல வீடுகளுக்கு இணைப்பு வந்துருச்சு. 2011-ல ஆலந்தூரும் சென்னையோட சேர்ந்துருச்சு. அதோட அந்தக் கதையும் மறந்து போச்சு. முனிசிபல் ஃபைனான்ஸ் படிக்கற வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியும் ஆலந்தூர். நமக்கு பிரியாணிக் கடைதான் தெரியும்.

அந்த 5,000 ரூபாய் இன்னைக்கு எவ்வளவு? விலைவாசி கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு ஏறியிருக்கு. 25,000 வச்சுக்கங்க. என் வீட்டோட ஒரு வருஷ லாரிக் காசு 22,500. ஒரு வருஷ லாரிக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தா ஒரு ஆலந்தூர்! (இந்தக் கணக்கை அசோசியேஷன் மீட்டிங்ல சொன்னப்ப ஒருத்தர் "தம்பி, அது சாக்கடை, இது தண்ணி"ன்னார். சார், தண்ணி வந்தா சாக்கடையும் வரும். உள்ள போறதுல 80 சதவீதம் வெளிய வந்துதான் ஆகணும்.)

அதே காலத்துல தமிழ்நாடு இன்னொரு நல்ல காரியமும் பண்ணிச்சு. 2002-ல பத்துக்கும் மேற்பட்ட சின்ன நகராட்சிகள், பேரூராட்சிகளோட தண்ணி, சாக்கடைத் திட்டங்களை ஒண்ணாச் சேர்த்து, ஒரே கடன் பத்திரமா சுமார் 30 கோடிக்கு மார்க்கெட்ல வித்தாங்க. தனியாப் போனா ஒரு பேரூராட்சிக்கு யாரு கடன் கொடுப்பா? சேர்ந்து போனதால கிடைச்சது. நம்ம ஊர் மகளிர் குழுக் கடன் மாதிரின்னு வச்சுக்கங்களேன். யோசனைக்குப் பஞ்சமே இல்லை நம்ம கிட்ட. தொடர்ந்து செய்யறதுக்குத்தான் பஞ்சம்.

இப்ப ஏழு ரூபாய் மேட்டருக்கு வருவோம்.

மெட்ரோ வாட்டர் கட்டணம் ஏறணும், வீட்டுக்கு வீடு மீட்டர் வரணும். இதுதான் என் கட்சி. மீட்டர் இல்லாம ஒரே கட்டணம்னா, நாலு குடத்துல நாளை ஓட்டற குடும்பமும், ரெண்டு காரைத் தினம் குளிப்பாட்டற குடும்பமும் ஒரே காசு கட்டுது. இது ஏழைக்கு ஆதரவுன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சிரிப்பு வரும். நிஜமான ஏழைக்கு வீட்டுக் குழாயே கிடையாது! கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஓ.எம்.ஆர். ஓரமா கொண்டு வந்து குடி வச்சவங்களைக் கேளுங்க. நகரத்துக்குள்ள கால்வாய் ஓரம், ஆத்து ஓரம் இருந்தவங்களை இங்க அனுப்பிட்டு, தண்ணிக்கு அடிபம்பையும் தெருவோரத் தொட்டியையும் காட்டினோம். குடத்தை மாடிக்குத் தூக்கறதுக்கு மீட்டர் கிடையாது, இடுப்புதான் மீட்டர். நம்ம மலிவு விலைக் குழாய் தண்ணி போய்ச் சேர்றது பழைய நகரத்துல சொந்த வீடு வச்சிருக்கறவங்களுக்கு. அந்த மலிவுனால வாரியத்துக்கு காசு இல்லை, காசு இல்லாததால செம்மஞ்சேரிக்குக் குழாய் லேட். இதுல எங்க இருக்கு ஏழைப் பாசம்?

கரண்ட்டுக்கு நாம மீட்டர் வச்சிருக்கோம். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல படிப்படியா விலை ஏறுது. யாரும் "கரண்ட்டுக்கு மீட்டரா? அநியாயம்!"னு கொடி பிடிக்கலை. ஏ.சி.யை ஆஃப் பண்ணுன்னு அப்பா கத்தறது அந்த மீட்டரை நினைச்சுத்தான். தண்ணிக்கும் அதே மாதிரி முதல் சில ஆயிரம் லிட்டர் இலவசமா கொடுங்க, அதுக்கு மேல ஏத்துங்க. பெங்களூர்ல வீடுகளுக்கு மீட்டர் இருக்கு, அளவுக்கேத்த கட்டணம் இருக்கு. உடனே "2024-ல பெங்களூர் நாறிச்சே"ன்னு வருவீங்க. உண்மைதான், நாறிச்சு. காவிரிக் குழாய் போகாத வெளி வட்டாரத்துல போர் வத்தி, லாரியை நம்பி இருந்த இடம்தான் அதிகமா நாறிச்சு. அதாவது அங்கயும் ஒரு ஓ.எம்.ஆர். இருக்கு. மீட்டர் ஏரியை நிரப்பாதுங்க. யாரு எவ்வளவு எடுத்தாங்கன்னு சொல்லும், அவ்வளவுதான். அது தெரியாம மத்த எதையும் ஆரம்பிக்கவே முடியாதுங்கறது என் கருத்து.

ஜனங்க ஏன் மீட்டர்னா பயப்படறாங்கன்னும் புரியுது. மீட்டர் வந்தா தனியார் வருவான், தனியார் வந்தா விலை ஏறும்னு ஒரு பயம். கோயமுத்தூர்ல 2018-ல சூயஸ் கம்பெனியோட 26 வருஷ ஒப்பந்தம்னு செய்தி வந்தப்ப எவ்வளவு எதிர்ப்பு. கட்டணத்தை மாநகராட்சிதான் முடிவு பண்ணும்னு எத்தனை தடவை சொன்னாலும் சந்தேகம் போகலை. ஏன் போகும்? எல்லாம் கையெழுத்தான பிறகு சொன்னா எவன் நம்புவான்? ஆலந்தூர்ல முதல்ல கூட்டம், பிறகு வசூல், அப்புறம்தான் குழி. அந்த வரிசையிலதான் சூட்சுமம் இருக்கு. கட்டணத்தை ஏத்தறதுக்கு முன்னாடி, "உங்க ஏரியாவுல இவ்வளவு வசூல், அதுல இவ்வளவுக்கு இந்தத் தெருவுல குழாய்"னு வார்டு வாரியா கணக்கைப் போடட்டும். எங்க ஆளுங்க திட்டிக்கிட்டே கட்டுவாங்க. லாரிக்குத் திட்டிக்கிட்டே கட்டறோம்ல?

"வீடு வாங்கறப்ப ஜி.எஸ்.டி., முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம்னு லட்சக்கணக்குல அழுதிருக்கேன், இன்னும் எதுக்குக் கட்டணும்?"னு கேக்கற நண்பர்கள் உண்டு. ஞாயமான கேள்வி. பெரிய கட்டடத்துக்கு அனுமதி தர்றப்ப பில்டர்கிட்ட கட்டமைப்புக்கும் அடிப்படை வசதிக்கும்னு அரசாங்கம் சதுர அடிக் கணக்குல வசூலிக்குது. அதை பில்டர் நம்ம தலையிலதான் கட்டறான். அந்தக் காசு எந்த ஏரியாவுல வசூலாச்சோ அந்த ஏரியாவோட தண்ணிக்கும் சாக்கடைக்கும் முதல்ல போகணும்னு கேக்கறது நம்ம உரிமை. அதை யாரும் கேக்கறதில்லை. கார் பார்க்கிங் அளவு ஒரு அடி குறைஞ்சா கோர்ட்டுக்குப் போறோம். கட்டடம் விக்கறவன் நோட்டீஸ்ல "24 மணி நேரத் தண்ணீர் வசதி"ன்னு போட்டா, எங்கிருந்துன்னு கேக்காம அட்வான்ஸ் கொடுக்கறோம். எங்க பில்டரும் அப்படித்தான் போட்டிருந்தார். 24 மணி நேரமும் வருது, பொய் இல்லை. லாரியில வருது.

கம்ப்ளீஷன் சர்டிபிகேட் இல்லாம பெரிய கட்டடங்களுக்கு கரண்ட், குடிநீர், சாக்கடை இணைப்பு கிடையாதுன்னு விதி இருக்கு. நல்ல விதி. அதையே திருப்பிப் போடுங்கங்கறேன். இத்தனை வீட்டுக்கு இத்தனை லிட்டர், இந்தக் குழாய்லேருந்து, இந்தத் தேதியிலேருந்துன்னு வாரியம் எழுதிக் கொடுத்தாத்தான் கட்டவே அனுமதி. குழாய் இல்லையா? பில்டர் காசு போட்டுக் குழாயை இழுக்கட்டும், இல்லைன்னா காத்திருக்கட்டும். வளர்ச்சி பாதிக்கும்னு சொல்வாங்க. 2019 ஜூன்ல எது பாதிச்சதுன்னு நான் சொல்றேன். நான் டிரெய்னியா வேலைக்குச் சேர்ந்த புதுசு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காலி. "டாய்லெட்டுக்குத் தண்ணி இல்லை, வீட்லேருந்து வேலை பாருங்க"ன்னு ஓ.எம்.ஆர். கம்பெனிகள் மெயில் அனுப்பிச்சுது. கொரோனாவுக்கு முன்னாடியே வொர்க் ஃப்ரம் ஹோம் பார்த்தவங்க நாங்க! நான் இருந்த மேன்ஷன்ல ஆளுக்கு ரெண்டு பக்கெட் ரேஷன். நான் சாத்தூர்ப் பக்கத்து ஆளு, தண்ணி வாரத்துக்கொரு தடவை வர்ற தெருவுல வளர்ந்தவன், எனக்கு அது பழக்கம். கேரளாவுலேருந்து வந்த ரூம்மேட்தான் பாவம், அரண்டு போயிட்டான்.

அந்த ஜூலை 12-ந்தேதி ஜோலார்பேட்டையிலேருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணி ரயில் வந்துச்சு. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்பு எல்லாம் நடந்துச்சு. எங்க அடுக்குமாடி மாதிரி 42-க்கு ஒரு நாள் காணும் அது. ஒரு டி.எம்.சி. தண்ணிங்கறது 2,800 கோடி லிட்டருக்கு மேல. நாளைக்கு 100 கோடி லிட்டர் வீதம் சென்னைக்குக் கொடுத்தா நாலு வாரம் வரும். நாலு ஏரியும் முழுசா நிரம்பினா சுமார் 11 டி.எம்.சி. அதாவது ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தா நம்ம கையிருப்பு ஒரு வருஷம் கூடத் தாங்காது. 2020-ல கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் புதுசா வந்தது, அது அரை டி.எம்.சி. ஓட்டைப் பானைக்கு ஒரு டம்ளர் கூடுதல்.

அதனாலதான் கடல் பக்கம் போறோம். மீஞ்சூர் 2010, நெம்மேலி 2013, ரெண்டும் நாளைக்கு 10 கோடி லிட்டர். நெம்மேலியில 15 கோடி லிட்டருக்கு இன்னொண்ணு 2024-ல திறந்தாங்க. பேரூர்ல 40 கோடி லிட்டருக்கு ஜப்பான் கடன்ல, 4,000 கோடிக்கு மேல செலவுல ஒண்ணுக்கு 2023-ல அடிக்கல் நாட்டினாங்க. நான் கடல்நீர் ஆலைக்கு எதிரி இல்லை. மழை பொய்த்தாலும் கடல் பொய்க்காது. ஆனா 49 ரூபாய்க்கு வாங்கி ஏழு ரூபாய்க்கு விக்கற கடை எத்தனை நாள் ஓடும்? ஒவ்வொரு ஆலை திறக்கறப்பவும் அந்த ஓட்டை பெருசாகுது. ஓட்டையை அடைக்க அரசாங்கப் பணம் வருது. அரசாங்கம் கைவிரிக்கற வருஷம், முதல்ல நிக்கறது புதுக் குழாய் வேலைதான். (மீஞ்சூர்ப் பக்கம் அறுபது எழுபதுகள்ல சென்னைக்காக நிலத்தடி நீரை உறிஞ்சி, கடல் பல கிலோமீட்டர் உள்ள வந்துருச்சு. அதே மீஞ்சூர்ல கடல்நீரைச் சுத்திகரிச்சு சென்னைக்கு அனுப்பறோம். விதியோட நக்கல்!)

இதை விட எனக்குப் பிடிச்சது சாக்கடைத் தண்ணி. முகத்தைச் சுளிக்காதீங்க. 2019-ல கொடுங்கையூர், கோயம்பேடு ரெண்டு இடத்துலயும் கழிவுநீரை மூணாம் கட்டம் வரைக்கும் சுத்திகரிக்கற ஆலை வந்துச்சு, ஒவ்வொண்ணும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர். அது மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகுது. ரெண்டும் சேர்ந்தா 9 கோடி லிட்டர், கிட்டத்தட்ட ஒரு மீஞ்சூர். அவ்வளவு நல்ல தண்ணி நமக்கு மிச்சம். காசு கொடுத்து வாங்கறது கம்பெனிகள். மணலியில சில ஆலைகள் தொண்ணூறுகள்லயே கழிவுநீரைச் சுத்திகரிச்சுப் பயன்படுத்த ஆரம்பிச்சாச்சு. இந்த ஒரு விஷயத்துல சென்னை மத்த ஊருக்கு வாத்தியார். ஆனா இதுக்கு ஒரே ஒரு கண்டிஷன், சாக்கடை முதல்ல ஆலைக்குப் போய்ச் சேரணும். பாதாள சாக்கடை இல்லாத இடத்துல கழிவுநீர் லாரி ராத்திரி பன்னெண்டு மணிக்கு எங்க போகுதுன்னு ஓ.எம்.ஆர்.ல இருக்கறவங்களுக்குத் தெரியும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-ல ராம்சர் பட்டியல்ல சேர்ந்துச்சுன்னு பெருமைப்பட்டோம். அதோட ஓரத்துல வண்டியை ரிவர்ஸ் எடுக்கற சத்தம் அதுக்கப்புறமும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணையும் சொல்லணும், சொல்லாம விட்டா தப்பு. கழிவுநீர்த் தொட்டியிலயும் சாக்கடையிலயும் இறங்கி விஷவாயுல செத்தவங்க கணக்குல தமிழ்நாடுதான் நாட்டுலயே முன்னணியில இருந்திருக்கு. 2013-ல சட்டம் வந்தது. 2014-ல உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடுன்னு சொன்னது, 2023-ல அதை 30 லட்சமாக்கினது. மெஷின் வாங்கணும், பெரிய குழாய் போடணும், ஆழமான தொட்டியே வேணாம்ங்கற மாதிரி ஊரையே இணைக்கணும். இதுக்கெல்லாம் காசு வேணும். அடுக்குமாடிக்குள்ள இருக்கற எஸ்.டி.பி. தொட்டியும் இதே தொட்டிதான். மலிவா கொட்டேஷன் கொடுக்கறவரைப் பிடிச்சு சுத்தம் பண்ணச் சொல்றப்ப, அவர் எப்படி மலிவா கொடுக்கறார்னு ஒரு அசோசியேஷனும் கேக்கறதில்லை. தண்ணி மலிவா இருக்கணும், சாக்கடை அதை விட மலிவா இருக்கணும்னு நாம அடம் பிடிக்கறதோட விலையை யாரோ ஒரு ஏழை குடும்பம் கட்டுது.

சிக்கனம் பத்தி ரெண்டு வார்த்தை. மழைநீர் சேகரிப்பு 2003-ல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாச்சு, ஜெயலலிதா ஆட்சியில. அது நல்லாவே வேலை செஞ்சுது, நிலத்தடி நீர் ஏறுச்சு. ஆனா அடுக்குமாடிக்கு அது மந்திரம் இல்லைங்க. 10,000 சதுர அடி மொட்டை மாடி, வருஷத்துக்கு 1,400 மில்லிமீட்டர் மழை, அதுல 80 சதவீதம் பிடிச்சாலும் சுமார் 10 லட்சம் லிட்டர். எங்களுக்கு 17 நாள்! தனி வீட்டுக்கு அதே மழை பாதி வருஷம் ஓட்டும். மாடி மேல மாடி கட்டினா கூரை அதே அளவுதான், குடம் மட்டும் கூடுது. அதனால மொட்டை மாடியை மட்டும் நம்பாம ஏரியைக் காப்பாத்தணும். ஏரியில கட்டின வீட்டுல உக்காந்துக்கிட்டு மழைநீர்த் தொட்டியைக் காட்டினா 2015 டிசம்பர்ல வந்த மாதிரி தண்ணி தன் பழைய அட்ரஸுக்கு வரும்.

வீட்டுக்குள்ள பண்ண வேண்டியது சின்னதுதான். உப்பு லாரித் தண்ணியால வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின். ஒரு லிட்டர் குடிக்க ரெண்டு மூணு லிட்டர் வெளிய ஊத்துது. அந்தக் குழாயை ஒரு பக்கெட்ல விட்டா வீடு துடைக்க ஆச்சு. சுத்திகரிச்ச தண்ணியை டாய்லெட் ஃப்ளஷுக்குத் தனிக் குழாய்ல விட்டா நாளைக்கு ஒரு லாரியாவது குறையும்.

எங்க அசோசியேஷன்ல வீட்டுக்கு ஒரு மீட்டர் போடற தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருது. கொண்டு வர்றது அடியேன்தான். மாசம் 10,000 லிட்டர் வரைக்கும் மெயின்டனன்ஸ்ல அடங்கும், அதுக்கு மேல லாரி விலை. 120 வீட்டுல இதுவரைக்கும் 47 வீடு சரின்னிருக்கு. மிச்சம் பாதி பேரு "குளிக்கறதை எண்ணுவியா?"ன்னு கேக்கறாங்க. இன்னும் 14 ஓட்டு தேத்தணும். சொந்த அபார்ட்மெண்ட்ல இதை யாராவது ஜெயிச்சிருந்தா எப்படிச் சமாளிச்சீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா, புண்ணியமாப் போகும்.

டிஸ்கி: லாரி 1,500 ரூபாய்ங்கறது கணக்குக்கு எடுத்துக்கிட்ட விலை. உங்க ஏரியாவுல கூடக் குறைய இருக்கும். உங்க நம்பரைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்க, ஆனா பெருக்கறதுக்கு முன்னாடி உக்காந்துக்கங்க :-)